தடங்கலுக்கு வருந்தியவர்கள்

ஊதாங்குளத்தில் முட்டாள்களே கிடையாது. மின்னல் நற்பணி மன்றத்தார் கூடிப் பேசி, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, பேருந்து நிழற்குடையில் அதை ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய மூன்று பேரின் கதைதான் இது.

தலைவன் மதியழகன். செயலாளர் பூங்கோதை. பொருளாளர் டார்வின். மன்றத்தில் பொருள் எதுவும் இல்லாததால் டார்வினுக்கு வேலை குறைவு. உறுப்பினர் என்று தனியாக யாரும் இல்லை. எல்லோரும் பொறுப்புக்குப் போய்விட்டால் உறுப்பினராக யார் இருப்பது? எங்கள் இயக்கத்திலும் கடைசியில் இதுதான் நடந்தது. அது வேறு கதை.

மூவரும் பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்தவர்கள். கைபேசியின் வழிகாட்டிக் குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள். அதனால் யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். ஒருமுறை அந்தக் குரல் "நேராகச் செல்லவும்" என்றது. நேரே ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. முன்வாசலில் நுழைந்து, மணமேடையில் ஏறி, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே நடந்து, சமையற்கட்டு வழியாக வெளியே போனார்கள். தாலி கட்டச் சற்றுத் தாமதமானது.

"வழியில கல்யாணத்த வச்சது அவங்க தப்பு" என்றான் மதியழகன்.

கோடையில் மோர்ப்பந்தல் போட்டார்கள். "தெருவில் போகிற ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்" என்று யாரோ சொல்லிவிட்டார். பாடையில் போனவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"பெரிய இடத்து ஆளு போல. நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க பாரு" என்றான் டார்வின்.

இவர்களை நானும் ஒரு போராட்டத்துக்கு அழைத்துப் பார்த்தேன். கோட்டாட்சியர் அலுவலக வாசலில், "அசையாமல் உட்காருங்கள் தோழர்களே" என்றேன். போராட்டம் முடிந்தது, கோரிக்கை குப்பைக்குப் போனது, நாங்கள் வீட்டுக்கே போய்விட்டோம். இவர்கள் மட்டும் அசையவில்லை. மறுநாள் காலை கோட்டாட்சியர் இவர்களைப் பார்த்து, சிலைகளை எப்போது திறக்கப்போகிறார்கள் என்று உதவியாளரிடம் கேட்டாராம்.

என்னைத் தாத்தா என்று கூப்பிடக் கூடாது, தோழர் என்றே கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்து "தோழர் தாத்தா" ஆக்கிவிட்டார்கள்.

பூங்காவின் மூலையில் பழைய தொலைக்காட்சி அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. மன்றத்து அலுவலகத்துக்கு அதைக் கேட்டார்கள், ஊராட்சியும் கொடுத்துவிட்டது. உள்ளே மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று, மேசை மேல் தூசியோடு இருந்தது. அந்தப் பெட்டி ஊருக்கு வர வேண்டும் என்று சாலையில் படுத்து மறித்தவன் நான். வந்த பிறகு அதில் ஓடிய நாடகத்தை எதிர்த்து மறித்தவனும் நானே.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. செம்பாயி என்று ஒரு கூலிக்காரப் பெண். அவள் அடுப்பில் உலை வைப்பாள். உலை கொதிப்பதற்குள் பண்ணையார் ஆட்களோடு வந்து குடிசையை இடித்துவிடுவார். இடித்த பிறகு அவருக்கு மனம் இளகிவிடும். அவளைத் தன் வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்வார். ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இடித்தவனுக்குக் கைதட்டல், இடிபட்டவளுக்கு இன்னொருத்தன் வீட்டு அடுப்பு! முடிவை மாற்று என்று துண்டறிக்கை போட்டேன், தொலைக்காட்சி நிலையத்து வாசலில் உண்ணாவிரதம் இருந்தேன். "தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் இடித்தார்கள்.

அறைச் சுவரில் அந்தக் காலத்தில் நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு ஒன்று இருந்தது: "செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்." பசை காய்ந்து, அது நழுவி, பெட்டியின் கதவிடுக்கு வழியாகக் கண்ணாடி மேல் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நம் மூவரும் பெட்டியின் மரக்கதவைத் திறந்தார்கள். படித்தார்கள்.

"உள்ள வரச் சொல்றாங்க" என்றாள் பூங்கோதை.

"செருப்ப கழட்டணுமாம்" என்றான் டார்வின்.

"கழட்டு. மரியாதையா கூப்பிடுறப்ப போகலன்னா தப்பா நினைப்பாங்க" என்றான் மதியழகன்.

கழற்றி வரிசையாக வைத்தார்கள். உள்ளே போனார்கள். வளர்ந்த மூன்று பேர் அந்தச் சிறிய பெட்டிக்குள் எப்படி நுழைய முடியும் என்று அறிவியல் படித்தவர்கள் கேட்பார்கள். முடியாது என்று இவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே எல்லாம் சாம்பல் நிறம். வானம் வெளிர்சாம்பல், வயல் கருஞ்சாம்பல். பூங்கோதை தன் தலைமுடியைப் பிடித்துப் பார்த்தாள். முன்நெற்றியில் ஒரு கற்றைக்கு ஊதாச் சாயம் பூசியிருந்தாள். அதுவும் சாம்பலாகிக் கிடந்தது.

"டேய், கலர் போச்சுடா! இத்தனை பேரு திட்டியும் போகாத கலரு!"

தலையில் பூ வைத்து, பாதிச் சிரிப்போடு ஓர் அறிவிப்பாளர் அம்மா வந்தார். "நேயர்கள் சற்றுப் பொறுத்திருக்கவும்" என்றார். பொறுத்திருந்தார்கள். "தொலைக்காட்சிக்கு மிக அருகில் வராதீர்கள், கண்ணுக்குக் கெடுதல்" என்றார். மூவரும் கண்ணாடியைப் பார்த்து, கும்பிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். வெளியே வரும் ஒரே வழி அந்தக் கண்ணாடிதான். அதைவிட்டு இப்படித்தான் விலகிப்போனார்கள்.

அடுத்து உழவர் நிகழ்ச்சி. கறுப்புக் கோட்டு போட்ட வல்லுநர் ஒருவர், "உழவர் பெருமக்களே, மாட்டை எப்போதும் நிழலில் கட்டவும்" என்றார். பக்கத்தில் ஒரு காளை நின்றது. மூவரும் நிழல் தேடினார்கள். எல்லாமே சாம்பலாக இருக்கும் ஊரில் நிழல் எது, வெயில் எது? கூடிப் பேசினார்கள்.

"அதோ, அவரு காலடியில கொஞ்சம் கறுப்பா இருக்கு பாரு. அதான் நிழல்" என்றான் டார்வின்.

காளையை வல்லுநரின் நிழலில், வல்லுநரோடு சேர்த்துக் கட்டினார்கள். வல்லுநர் பயந்து நகர்ந்தார். நிழலும் நகர்ந்தது. காளையும் நகர்ந்தது. அப்புறம் வல்லுநர் ஓடினார். காளைக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "ஐயா, நிழல அசைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே மூவரும் பின்னால் ஓடினார்கள். வயலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, நிகழ்ச்சியையே தாண்டி எல்லோரும் அடுத்து ஓடிக்கொண்டிருந்த நாடகத்துக்குள் போய் விழுந்தார்கள். கோட்டு கிழிந்து காளை விடுபட்டது. வல்லுநர் வந்த வழியே திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் அறைக்குப் போனது அந்த நேரத்தில்தான். மன்றம் என்ன கூத்தடிக்கிறது என்று பார்த்துவரப் போனேன். மேசைக்குக் கீழே மூன்று ஜோடிச் செருப்பு. அறைக்கு மின்சாரம் துண்டித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன, பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்புத் தாளைக் கிழித்து எடுத்தேன். உள்ளே செம்பாயியின் குடிசை. வாசலில் நம் மூவரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

செம்பாயி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க புதுசா இருக்கீங்களே. இடிக்க வந்த ஆளுங்களா?"

"இல்லக்கா, மாட்டோட வந்தோம்" என்றாள் பூங்கோதை. "எதுக்கு இடிக்கணும்?"

"எதுக்குன்னு யாரு சொன்னா? எத்தனை தடவதான் இடிப்பாங்களோ! மண்ணு குழைச்சு பூசி, ஈரம் காயறதுக்குள்ள வந்துடுறாங்க. வீடு போனாக்கூட கட்டிக்கலாம்மா. இந்தப் பானைய பாரு. இந்த அடுப்புல ஒரு தடவகூட சோறு கொதிச்சு நான் பாத்ததில்ல. உலைய வச்சதும் வந்துடுவாரு. அப்புறம் அவரு வீட்டுல போயி அவருக்குப் பொங்கணும். அதுக்கு வெளிய உக்காந்து அழுவாங்க, நல்ல மனுசருன்னு."

நான் அழவில்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். அதற்குள் பண்ணையார் வந்துவிட்டார். பெரிய மீசை, கையில் பிரம்பு, பின்னால் கடப்பாரையோடு ஆட்கள்.

"ஏய் செம்பாயி! குடிசையைக் காலி செய்!"

"டேய் மதியழகா!" என்று நான் வெளியிலிருந்து கத்தினேன். "கடப்பாரையைப் பிடுங்குங்கடா! குறுக்கே படுங்கடா!"

கேட்டிருந்தால் படுத்தே இருப்பார்கள், சொன்னபடி செய்கிறவர்கள்தானே. ஆனால் அந்தக் காளை, போகிற போக்கில், ஏதோ ஒரு கம்பியைக் கொம்பில் மாட்டி இழுத்துவிட்டது. படார் என்று ஒரு சத்தம். வானத்திலிருந்து பூச்சாடி வரைந்த பெரிய பலகை ஒன்று இறங்கி, குடிசைக்கும் பண்ணையாருக்கும் நடுவே நின்றது. அதில் எழுதியிருந்தது: "தடங்கலுக்கு வருந்துகிறோம்."

மூவரும் படித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வருந்தணுமாம்" என்றான் டார்வின்.

"எனக்கு உடனே அழுகை வராதுடா" என்றாள் பூங்கோதை.

"கலரு போனத நினைச்சுக்கோ" என்றான் மதியழகன்.

நினைத்துக்கொண்டாள். அவள் அழுததைப் பார்த்து டார்வினுக்கும் வந்துவிட்டது. குடிசை வாசலில் உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, மூவரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

"அய்யோ தடங்கலே! எங்கள விட்டுட்டுப் போயிட்டியே தடங்கலே!"

பண்ணையார் பிரம்பை இறக்கினார். ஆட்கள் கடப்பாரையைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலைத்துண்டை அவிழ்த்தார்கள். எவ்வளவு பெரிய பண்ணையாரானாலும் இழவு விழுந்த வீட்டில் கடப்பாரை வைக்க மாட்டார். கருமாதி முடிகிறவரை அந்த வாசலில் உரக்கப் பேசவும் கூடாது. அதுதான் அந்த நாடகத்து ஊர் வழக்கம், எங்கள் ஊர் வழக்கமும்.

"யார் இறந்தது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தடங்கல், அங்கிள்" என்றான் மதியழகன், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"தடங்கலா? செம்பாயிக்கு என்ன முறை?"

"தெரியல அங்கிள். வருந்தச் சொல்லியிருக்காங்க."

இந்த நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அழுதா உரிமை வாங்குவது? கண்ணாடியை ஓங்கித் தட்டி, "அழாதீங்கடா! எழுந்து நின்னு கேள்வி கேளுங்கடா!" என்று கத்தினேன்.

பண்ணையார் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கிழவனா? எப்போது பார்த்தாலும் வெளியே நின்று கத்துகிறான். முன்பு நிலையத்து வாசலிலும் இவன்தான். இவனைப்போல் ஒரு தடங்கலை நான் பார்த்ததில்லை."

மூவரும் அழுகையை நிறுத்தினார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"தோழர் தாத்தாவா தடங்கல்?" என்றாள் பூங்கோதை.

"ஆமா, அவரே சொல்லியிருக்காரே" என்றான் டார்வின். "அவரு மேல போட்ட கேசெல்லாம் போக்குவரத்துக்குத் தடங்கல்னுதானாம். அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு."

"ஆனா அவரு உயிரோட இருக்காரேடா."

மதியழகன் பலகையை மறுபடி நிதானமாகப் படித்தான். "வருந்தணும்னுதான் போட்டிருக்கு. சாகணும்னு போடலையே" என்றான்.

அதற்கு மேல் பேச இடமில்லை. மூவரும் என் முகத்தைப் பார்த்தபடியே முன்னைவிட அதிகமாக அழுதார்கள். பலகைக்குப் பின்னால் செம்பாயி, யாருக்கும் தெரியாமல் குனிந்து, அடுப்பை ஊத ஆரம்பித்தாள். விறகு ஈரம். புகைதான் வந்தது.

இனி இவர்களை வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடிக்கு அருகே வாருங்கள் என்றால் கண் கெடும் என்றார்கள். எழுதியிருந்தால்தான் நம்புவார்கள் என்று எனக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்கத் துண்டறிக்கை எழுதியவன், இது முடியாதா? ஒரு தாளில், "செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வரவும்" என்று எழுதி, எழுத்து உள்பக்கம் தெரியும்படி கண்ணாடியில் ஒட்டினேன்.

தூரத்திலிருந்தே படித்தார்கள். வட்டமாக உட்கார்ந்து விவாதித்தார்கள்.

"செருப்பு வெளியில இருக்கே" என்றாள் பூங்கோதை.

"செருப்பு போடாம வெளிய போகக் கூடாது" என்றான் மதியழகன்.

"வெளிய போகாம செருப்ப எடுக்க முடியாது" என்றாள் பூங்கோதை.

பண்ணையாரும் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். கடைசியில் டார்வின் எழுந்தான். "நீங்க இருங்க. நான் போயி எடுத்துட்டு வந்துடுறேன்."

கண்ணாடி வழியாக வெறுங்காலோடு வெளியே இறங்கினான். "நல்லா இருக்கீங்களா தோழர் தாத்தா?" என்று கேட்டான். மூன்று ஜோடிச் செருப்பையும் அள்ளிக்கொண்டான். நான் சட்டையைப் பிடிப்பதற்குள் மறுபடி உள்ளே போய்விட்டான். மூவரும் நிதானமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு, பண்ணையாரிடம் சொல்லிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். நிறமும் திரும்பி வந்துவிட்டது. பூங்கோதை கைபேசியில் முகம் பார்த்துக்கொண்டாள்.

"துக்கம் முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நான் இடிக்க வேண்டும்" என்று பின்னாலிருந்து பண்ணையார் குரல் கொடுத்தார்.

"கண்டிப்பா அங்கிள். முறைப்படி வருந்திட்டுச் சொல்றோம்" என்றான் மதியழகன்.

மறுநாள் காலை நான் டீ குடிக்கப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே போட்டார். ஏன் என்று சாலைக்கு வந்த பிறகு புரிந்தது. நிழற்குடையை மறைத்து ஒரு பெரிய பிளக்ஸ் பேனர். அதில் என் படம், ஏதோ ஒரு மறியலில் எடுத்தது, வாய் திறந்தபடி. மேலே "கண்ணீர் அஞ்சலி". கீழே "தடங்கல்". அதற்கும் கீழே "நிலையத்தாரின் அறிவிப்பை ஏற்று ஆழ்ந்து வருந்துவோர், மின்னல் நற்பணி மன்றம்".

சாலை நடுவே ஒரு நாற்காலி. நாற்காலி மேல் அந்தப் பெட்டி, மாலையோடு. பண்ணையார் பார்க்க வேண்டும் என்று தூக்கிவந்திருக்கிறார்கள். சுற்றிலும் மூவரும் உட்கார்ந்து அழுதார்கள். ஊரில் பாதிப் பேர் விவரம் கேட்காமல் சேர்ந்து அழுதார்கள். இரண்டு பக்கமும் பேருந்துகள் நின்றன. நான் கூட்டிய கூட்டத்துக்கு ஒருநாளும் இவ்வளவு பேர் வந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பேனரைக் கிழிக்கப் போனேன். அப்போது ஏட்டு வந்தார். ஊருக்குப் புதியவர்.

"யாரு ரோட்ட மறிச்சது?"

"தடங்கல்தான் சார்" என்று டார்வின் படத்தைக் காட்டினான்.

ஏட்டு படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "இறந்தவர் மேல கேஸ் போட முடியாது. ஆகவேண்டியதப் பாருங்க" என்றார்.

என் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை. சாலை மறிக்கப்பட்டிருக்கிறது, என் பெயரால் மறிக்கப்பட்டிருக்கிறது, கைது இல்லை!

"அது நான்தான்! என்னைக் கைது பண்ணுங்க!" என்றேன்.

ஏட்டு என் தோளைத் தொட்டார். "அப்படித்தான் இருக்கும் பெரியவரே. கூடப் பொறந்தவங்க போனா நாமளே போன மாதிரிதான் இருக்கும். உக்காருங்க, தண்ணி குடிங்க."

"யோவ், நல்லா பாரு! நான்தான் அது!"

அந்த நேரம் பெட்டிக்குள்ளிருந்து பண்ணையாரின் குரல் கேட்டது. "என்ன சத்தம்? இறந்தவர் எழுந்துவிட்டாரா? துக்கம் முடிந்ததா? ஆட்கள் காத்திருக்கிறார்கள்."

கண்ணாடியைப் பார்த்தேன். பூச்சாடிப் பலகை லேசாக ஆடியது. அதன் ஓரத்தில் செம்பாயி தெரிந்தாள். புகையில் கண் சிவந்து, பானை மேல் கையை வைத்து, அசையாமல் என்னையே பார்த்தாள். பானையின் மூடி ஒருமுறை, ஒரே ஒருமுறை, மெல்லத் துடித்தது.

நான் சாலையில் உட்கார்ந்தேன். தலைத்துண்டை அவிழ்த்தேன்.

"அய்யோ தடங்கலே! யாருக்கும் பயப்படாத சிங்கமே! ஊருக்கெல்லாம் நீதி கேட்டியே, ஒனக்கு ஒரு நல்ல படம்கூட இல்லாமப் போயிட்டியே தடங்கலே!"

கத்தியதில் தொண்டை கட்டியது. பண்ணையார் மரியாதையாகப் பின்வாங்கினார். உள்ளே மூடி தடதடவென்று ஆடி, கஞ்சி பொங்கி, அடுப்பில் வழிந்தது. நான் இன்னும் ஓங்கி அழுதேன்.

மதியழகன் பக்கத்தில் வந்து, என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"போதும் விடுங்க தோழர் தாத்தா," என்றான். "தடங்கலே நேர்ல வந்தாக்கூட இவ்ளோ அழமாட்டாரு."